"உன் நெட் ஸ்லோ"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இந்த வாரம் பெங்களூர் ரூம்ல இருந்து பேசல. ஊருக்கு வந்திருக்கேன். தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமம். பின்னாடி ஆடு கத்துற சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. கதவைச் சாத்தினா வேர்க்குது, திறந்தா ஆடு. நான் ஆட்டைத் தேர்ந்தெடுத்துட்டேன்.

இன்னைக்கு டாபிக், ஒரு வெப் அப்ளிகேஷன்ல ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளக்கிறது. கேட்க ரொம்ப சப்பையா இருக்கும். ஆரம்பத்துல மணி பாரு, முடிவுல மணி பாரு, கழிச்சுக்கோ, அவ்வளவு தானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.

அப்புறம் ஒரு நாள் என் சித்தி பொண்ணு போன் பண்ணா.

அந்த போன்

அப்போ எங்க டீம் காலேஜ்களுக்கு அட்மிஷன் அப்ளிகேஷன் வாங்குற ஒரு சாஃப்ட்வேர் பண்ணிட்டு இருந்தோம். கம்பெனி பேர், காலேஜ் பேர் எதுவும் வேண்டாம். பிளஸ் டூ முடிச்ச பசங்க போன்ல ஃபார்ம் நிரப்பி, மார்க் ஷீட் ஏத்தி, பணம் கட்டி, கடைசியா 'சமர்ப்பி'ன்னு ஒரு பட்டன் அமுக்கணும். அந்த பட்டனுக்குப் பின்னாடி இருக்கிற கோடுல பாதி நான் எழுதினது.

கடைசி நாள். சாயங்காலம் 5 மணிக்கு மூடிடுவாங்க. மதியம் ரெண்டரை இருக்கும், போன் வருது. "அக்கா, சமர்ப்பி அமுக்கினேன்க்கா. சுத்திக்கிட்டே இருக்கு. மூணு தடவை பண்ணிட்டேன்."

அவ எங்க சாஃப்ட்வேரைத் தான் யூஸ் பண்றான்னு அந்த நிமிஷம் தான் எனக்கே தெரியும். உடனே டாஷ்போர்டைத் திறந்தேன். எல்லாம் பச்சை. சராசரி ரெஸ்பான்ஸ் டைம் 245 மில்லி செகண்ட், அதாவது கால் செகண்ட். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்வர் நல்லாத்தான் இருக்கு பாப்பா. உன் நெட் ஸ்லோ. மாடிக்குப் போய் ட்ரை பண்ணு."

மாடிக்குப் போனா. சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் டவுன் பஸ் பிடிச்சு பென்னாகரம் போய், ஒரு பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து, 4.50க்கு ஒரு வழியா சமர்ப்பிச்சா. ராத்திரி சித்தி போன் பண்ணி, "நீ இருக்கிற கம்பெனி சைட்டாமே? நல்லா பண்றீங்கடி"ன்னாங்க. அது பாராட்டு இல்லன்னு உங்களுக்குப் புரியும்.

அன்னைக்கு ராத்திரி தான் லாக் எல்லாத்தையும் இறக்கி உட்கார்ந்தேன். என் டாஷ்போர்டு பொய் சொல்லல. நான் கேட்ட கேள்விக்கு அது சரியாத்தான் பதில் சொல்லிச்சு. கேள்வி தான் தப்பு.

245ங்கிற நம்பர்ல யாருமே காத்திருக்கல

முதல் தப்பு, சராசரி. நான் இங்க சொல்ற நம்பர்களைக் கணக்கு புரியறதுக்காக உருண்டையாக்கி இருக்கேன். ஆனா நிலவரம் இது தான்.

100 ரிக்வெஸ்ட் வருதுன்னு வைங்க. அதுல 95, முகப்புப் பக்கம், கோர்ஸ் லிஸ்ட், ஃபீஸ் விவரம். ஒவ்வொண்ணும் 100 மில்லி செகண்ட்ல முடிஞ்சிடுது. மீதி 5 தான் 'சமர்ப்பி'. அது ஒவ்வொண்ணும் 3 செகண்ட் எடுக்குது. மொத்தம் எவ்வளவு? 95 இன்ட்டு 100, 9,500. 5 இன்ட்டு 3,000, 15,000. கூட்டினா 24,500. நூறால வகுத்தா 245.

இந்த 245ஐ அனுபவிச்ச ஆள் யாராவது இருக்காங்களா? ஒருத்தர் கூட இல்ல. ஒரு கூட்டம் 100ல போயிடுச்சு, ஒரு கூட்டம் 3,000ல நிக்குது. நடுவுல யாருமே இல்லாத இடத்துல ஒரு நம்பரை நட்டு வச்சு, அதுக்கு நான் பச்சை பெயின்ட் அடிச்சிருக்கேன்.

அதனால தான் இந்தத் தொழில்ல பெர்சன்டைல் பார்க்கச் சொல்றாங்க. எல்லா நேரத்தையும் சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசையா நிறுத்துங்க. நட்ட நடுவுல நிக்கிறது பி-50. நூத்துல 99வது ஆள் நிக்கிற இடம் பி-99. என் கணக்குல பி-50 வெறும் 100 மில்லி செகண்ட், பி-99 மூணு செகண்ட். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தா, சித்தி பொண்ணு போன் பண்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னும் ஒண்ணு. எல்லாப் பக்கத்தையும் ஒரே குவியல்ல போட்டது தான் பெரிய தப்பு. முகப்புப் பக்கம் மெதுவா வந்தா ஒருத்தர் எரிச்சல் படுவார். 'சமர்ப்பி' மெதுவா வந்தா ஒரு பொண்ணுக்கு ஒரு வருஷம் போகும். இது ரெண்டுக்கும் தனித்தனி வரைபடம் இருக்கணும்.

"பி-99ன்னா நூத்துல ஒருத்தர் தானே, போகட்டும்"னு சிலர் சொல்வாங்க. கூகுள்ல இருந்த ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013ல ஒரு கட்டுரை எழுதினாங்க, 'த டெய்ல் அட் ஸ்கேல்'னு. அதுல ஒரு கணக்கு வரும். ஒரு வேலைக்கு 100 சர்வர்கிட்ட பதில் வாங்கணும். ஒவ்வொரு சர்வரும் நூத்துல ஒரு தடவை மட்டும் தான் மெதுவா இருக்கும். அப்படின்னா மொத்த வேலை மெதுவாகுற வாய்ப்பு எவ்வளவு? 63 சதவீதம். ஒருத்தர் ஒரு ஃபார்ம் முடிக்கிறதுக்குள்ள எத்தனை ரிக்வெஸ்ட் போகும்னு எண்ணிப் பாருங்க. 'அரிதான ஒண்ணு' அவங்களுக்குக் கண்டிப்பா ஒரு தடவையாவது வந்துடும்.

எங்க நின்னு அளக்குறோம்?

இப்போ கொஞ்சம் எங்க ஊர்க் கதை. ரெண்டாவது தப்பு எனக்குப் புரிஞ்சதே இப்படித்தான்.

எங்க ஏரியாவுல காலையில பேப்பரைத் திறந்தா, ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடின்னு ஒரு செய்தி இருக்கும். தண்ணி கூடினா மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடும். அந்தத் தண்ணி தமிழ்நாட்டு எல்லையில வர்ற இடம் பிலிகுண்டுலு. அங்க மத்திய நீர்வள ஆணையத்தோட அளவு நிலையம் இருக்கு. சின்ன வயசுல இருந்து இந்தப் பேரை நியூஸ்ல கேட்டிருக்கேன், ஏன் அங்க அளக்குறாங்கன்னு யோசிச்சதே இல்ல.

காவிரி நடுவர் மன்றம் 1991ல இடைக்கால உத்தரவு போட்டப்போ, 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வந்து சேரணும்னு சொல்லிச்சு. 2007ல இறுதித் தீர்ப்பு வந்தப்போ, 192 டி.எம்.சி., ஆனா அளக்குற இடம் பிலிகுண்டுலு. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அதை 177.25ன்னு ஆக்கிச்சு, அதுவும் பிலிகுண்டுலுவில தான். எது நியாயம்ங்கிறது இன்னைக்கு நம்ம டாபிக் இல்ல. நான் கவனிச்சது வேற. பிலிகுண்டுலுவுக்கும் மேட்டூருக்கும் நடுவுல நம்ம பக்கம் பெய்யுற மழையும் ஆத்துல சேருது. மேட்டூர்ல அளந்தா அதுவும் கணக்குல வரும். பிலிகுண்டுலுவில அளந்தா வராது. ஆறு ஒண்ணு தான். நிக்கிற இடம் மாறினா நம்பரும் மாறுது, நம்பரோட அர்த்தமும் மாறுது.

இன்னொரு விஷயமும் அந்த உத்தரவுலயே இருக்கு. 177.25ஐ 12 மாசத்துக்குச் சமமா பிரிச்சா மாசம் சுமார் 14.77 டி.எம்.சி. ஆனா அப்படிக் கொடுக்கல. ஜூன்ல 9.19, ஜூலையில 31.24, ஆகஸ்ட்ல 45.95, பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் மாசம் 2.5. ஏன்னா பயிர் சராசரியைக் குடிக்காது. தண்ணி வேணுங்கிற மாசத்துல வரணும். சட்டம் படிச்சவங்க இதை யோசிச்சு மாச வாரியா எழுதி வச்சிருக்காங்க. நான் இன்ஜினியரிங் படிச்சுட்டு ஒரு நாள் முழுக்க ஒரே சராசரியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, சர்வருக்கு வருவோம். என் கடிகாரம் எங்க நின்னுச்சு?

அப்ளிகேஷன் கோடுக்குள்ள. ரிக்வெஸ்ட் எங்க கோடுக்குள்ள காலை வைக்கும்போது ஸ்டார்ட், பதில் வெளியே போகும்போது ஸ்டாப். அதுக்கு முன்னாடி வாசல்ல எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு அந்தக் கடிகாரத்துக்குத் தெரியவே தெரியாது. ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கி மூணு மணி நேரம் உட்கார்ந்திருப்பீங்க. டாக்டர் ரூமுக்குள்ள அஞ்சு நிமிஷம். டாக்டர்கிட்ட கேட்டா, "ஒரு பேஷன்ட்டுக்கு அஞ்சு நிமிஷம்"னு தான் சொல்வார். அவர் பொய் சொல்லல.

வரிசை எப்படி வளருது

இந்த இடத்துல பேப்பர் பேனா எடுங்க, சின்னக் கணக்கு.

எங்க சர்வர்ல ஒரே நேரத்துல 8 ரிக்வெஸ்ட்டைக் கவனிக்க 8 வொர்க்கர் இருக்காங்கன்னு வைங்க. ஒரு ரிக்வெஸ்ட்டுக்குச் சராசரியா கால் செகண்ட். அப்போ ஒரு வொர்க்கர் செகண்டுக்கு 4 முடிப்பார், எட்டுப் பேர் சேர்ந்து 32. கடைசி நாள்ல செகண்டுக்கு 40 வருது. ஒவ்வொரு செகண்டும் 8 பேர் வாசல்ல மிச்சம். ஒரு நிமிஷத்துல 480 பேர். இப்போ புதுசா வர்ற ஆளுக்கு முன்னாடி 480 பேர் நிக்கிறாங்க, செகண்டுக்கு 32 பேர் தான் உள்ளே போக முடியும். 15 செகண்ட் காத்திருக்கணும். ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா 30 செகண்ட். நாலு நிமிஷம் ஆச்சுன்னா ஒரு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷமும் என் டாஷ்போர்டு என்ன காட்டும்? 245. பச்சை.

வரிசை, வர்ற வேகம், காத்திருக்கிற நேரம் மூணுக்கும் இருக்கிற உறவை ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961ல நிரூபிச்சார். லிட்டில்ஸ் லான்னு பேர். உள்ளே இருக்கிற ஆட்கள் எண்ணிக்கை, வர்ற வேகத்தையும் ஒருத்தர் இருக்கிற நேரத்தையும் பெருக்கினா வரும். அவ்வளவு தான். பேங்க் க்யூவுக்கும் சரி, பரோட்டா கடைக்கும் சரி, சர்வருக்கும் சரி, ஒரே கணக்கு.

இதுல கொடுமை என்னன்னா, காத்திருந்து காத்திருந்து பசங்க ரீஃப்ரெஷ் பண்ணுவாங்க. என் சித்தி பொண்ணு மூணு தடவை பண்ணா. பழைய ரிக்வெஸ்ட் வரிசையை விட்டுப் போகல, அது அங்கேயே நிக்குது. அதுக்குப் பின்னாடி அவளோட ரெண்டாவது, மூணாவது ரிக்வெஸ்ட். ஆள் போயாச்சு, நிழல் மட்டும் க்யூல. சர்வர் அந்த நிழலுக்கும் உழைச்சு பதில் தயார் பண்ணும், வாங்க ஆள் இருக்காது.

இதை எப்படிக் கண்டுபிடிச்சேன்? எங்க அப்ளிகேஷனுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ் இருந்துச்சு. அது தன்னோட லாக்ல ரெண்டு நேரத்தை எழுத முடியும். ஒண்ணு ரிக்வெஸ்ட் டைம், அதாவது யூசர்கிட்ட இருந்து முதல் பைட் வந்ததுல இருந்து கடைசி பைட் போற வரைக்கும். இன்னொண்ணு அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம், அதாவது பின்னாடி இருக்கிற அப்ளிகேஷன்கிட்ட இருந்து பதில் வாங்க எடுத்த நேரம். ரெண்டையும் லாக்ல சேர்த்து எழுதச் சொல்லணும், தானா வராது. எங்க ஆபரேஷன்ஸ் அண்ணன் எப்போவோ சேர்த்து வச்சிருந்தார், நாங்க யாரும் திறந்து பார்த்ததில்ல. அந்த அண்ணனுக்கு நான் இன்னும் டீ வாங்கித் தந்துட்டு இருக்கேன்.

அப்ஸ்ட்ரீம் நேரத்தையும், எங்க கோடு சொல்ற நேரத்தையும் பக்கத்துல வச்சேன். கோடு சொல்லுது, 3 செகண்ட். என்ஜின்எக்ஸ் சொல்லுது, 40 செகண்ட். நடுவுல இருக்கிற 37 செகண்ட் தான் வாசல்ல நின்ன நேரம். மாடிக்குப் போய் சிக்னல் தேடுன்னு நான் சொன்னது அந்த 37 செகண்டுக்கு.

எண்ணாமலே விட்டவங்க

மூணாவது தப்பைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு.

டாஷ்போர்டு முடிஞ்ச ரிக்வெஸ்ட்டை மட்டும் தான் எண்ணிச்சு. 60 செகண்ட் தாண்டி என்ஜின்எக்ஸே துண்டிச்சது, யூசர் பொறுமை இழந்து மூடினது, எதுவுமே சராசரிக்குள்ள வரல. அதாவது ரொம்ப மோசமா கஷ்டப்பட்டவங்க கணக்குல இருந்தே காணாமப் போயிட்டாங்க. நிலைமை மோசமாக மோசமாக நம்பர் அழகாகும்.

பஸ்ல ஏறினவங்ககிட்ட மட்டும் "எவ்வளவு நேரம் ஸ்டாப்ல நின்னீங்க"ன்னு கேட்டா, பஸ் வராம வீட்டுக்குத் திரும்பிப் போனவங்களைப் பத்தி உங்களுக்கு எப்போ தெரியும்?

லோடு டெஸ்ட் பண்ற டூல்லயும் இதே மாதிரி ஒரு ஓட்டை இருக்கு. பல டூல் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பும், பதில் வரும் வரைக்கும் காத்திருக்கும், அப்புறம் தான் அடுத்தது அனுப்பும். சர்வர் 10 செகண்ட் தொங்கினா, டூலும் மரியாதையா 10 செகண்ட் சும்மா நிக்கும். அந்த நேரத்துல நிஜ வாழ்க்கையில வந்திருக்க வேண்டிய நூத்துக்கணக்கான ஆட்கள் டெஸ்ட்ல வரவே மாட்டாங்க. ரிப்போர்ட்ல ஒரே ஒரு மெதுவான ரிக்வெஸ்ட். கில் டீனேன்னு ஒரு இன்ஜினியர் இதுக்கு 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்'னு பேர் வச்சார். எங்க ரிலீஸுக்கு முன்னாடி பண்ண லோடு டெஸ்ட்டும் இதே ஜாதி தான். பாஸ் ஆயிடுச்சுன்னு கேக் வெட்டினோம்.

நான் லாக்ல என்ன பார்த்தேன்னா, 'சமர்ப்பி' அமுக்கின போன் நம்பர்ல எத்தனை, 5 மணிக்குள்ள டேட்டாபேஸ்ல பதிவாச்சுன்னு. என் சித்தி பொண்ணு மாதிரி சிலர் வேற எங்கேயோ போய் முடிச்சிருந்தாங்க. சிலர் திரும்ப வரவே இல்ல. எண்ண ரெண்டு கை விரல் பத்தல. அவங்க மனசு மாறி விட்டாங்களா, இல்ல பஸ் கிடைக்கலையா, இல்ல "சர்வர் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்ல அவங்களுக்கும் ஒரு அக்கா இருந்தாளா, லாக்ல அதெல்லாம் இருக்காது.

அந்த லிஸ்ட்டை அடுத்த நாள் மேனேஜர்கிட்ட கொடுத்தேன். தயக்கத்தோட தான். தப்பு பாதி என்னோடது. அவர் காலேஜ்கிட்ட பேசினார், அவங்க ஒரு நாள் கூடுதலா திறந்து வச்சாங்க, எல்லாருக்கும் மெசேஜ் போச்சு. பல பேர் வந்தாங்க. எல்லாரும் வரல.

அப்போ அந்த 3 செகண்ட் எதுக்கு?

சமர்ப்பிக்கும்போது, இதே போன் நம்பர்ல ஏற்கனவே யாராவது அப்ளை பண்ணியிருக்காங்களான்னு ஒரு செக் இருந்துச்சு. அந்தக் காலத்துல (சிரிப்பு) அதாவது ஒன்றரை வருஷம் முன்னாடி நான் எழுதினது. போன் நம்பர் காலத்துக்கு இன்டெக்ஸ் போடல. இன்டெக்ஸ் இல்லாத டேபிள்ல தேடுறது, பொருளடக்கம் இல்லாத புத்தகத்தை முதல் பக்கத்துல இருந்து புரட்டுற மாதிரி. முதல் நாள் 50 பேர், ஒண்ணும் தெரியல. கடைசி நாள் டேபிள் குண்டா ஆயிடுச்சு. கூட்டம் அதிகமா வர்ற நாளும், தேடல் மெதுவாகுற நாளும் ஒரே நாள். வேற எப்படி நடக்கும்?

இதைக் கண்டுபிடிக்க உதவினது ட்ரேஸிங். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் வாசல்லயே ஒரு அடையாள எண் கொடுத்துடுவோம். அது போற ஒவ்வொரு இடத்துலயும் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் பதிவாகும். கூகுள் 2010ல டாப்பர்ங்கிற தங்களோட சிஸ்டத்தைப் பத்தி எழுதினப்போ இந்த யோசனை பரவலாச்சு. இன்னைக்கு ஓப்பன்டெலிமெட்ரின்னு இலவசமாவே கிடைக்குது. 3 செகண்ட்ல 2.9 செகண்ட் அந்த ஒரே தேடல்ல போகுதுன்னு படம் போட்டுக் காட்டிடுச்சு.

இன்டெக்ஸ் போட்டேன். ஒரு வரி. 'சமர்ப்பி'யும் 100 மில்லி செகண்டுக்கு வந்துடுச்சு. இப்போ பழைய கணக்கைத் திரும்பப் போடுங்க. சராசரி 100 மில்லி செகண்ட்னா, அதே எட்டு வொர்க்கர் செகண்டுக்கு 80 பேரைக் கவனிப்பாங்க. 40 பேர் வந்தா வரிசையே இல்ல. நூத்துல அஞ்சே அஞ்சு ரிக்வெஸ்ட் தான் மெதுவா இருந்துச்சு, ஆனா மொத்த வேலை நேரத்துல 60 சதவீதத்துக்கு மேல அந்த அஞ்சு தான் தின்னுட்டு இருந்துச்சு. 24,500ல 15,000. முகப்புப் பக்கம் பார்க்க வந்தவங்களும் வாசல்ல நின்னது அதனால தான்.

கடிகாரமே தப்பா இருந்தா?

இது சின்ன விஷயம், ஆனா சுவாரசியம். நேரத்தை அளக்க எந்தக் கடிகாரத்தைப் பார்க்குறீங்க?

கம்ப்யூட்டர்ல ரெண்டு கடிகாரம் உண்டு. ஒண்ணு சுவர்க் கடிகாரம், இன்னைக்குத் தேதி, மணி சொல்றது. அதை அப்பப்போ நெட்வொர்க் மூலமா திருத்துவாங்க, அதனால திடீர்னு பின்னாடி கூட போகும். இன்னொண்ணு மோனோடானிக் கடிகாரம். அது மணி சொல்லாது, ஆனா எப்பவும் முன்னாடி மட்டும் தான் ஓடும். ஸ்டாப்வாட்ச் மாதிரி.

2017 ஜனவரி 1. உலக நேரத்துல ஒரு லீப் செகண்ட் சேர்த்தாங்க. நம்ம நேரப்படி காலை அஞ்சரை மணி. கிளவுட்ஃப்ளேரோட டி.என்.எஸ். சாஃப்ட்வேர், மத்த சர்வர்கள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு அளந்துட்டு இருந்துச்சு. அது கோ மொழியில எழுதினது, அப்போ அந்த மொழி இதுக்குச் சுவர்க் கடிகாரத்தைத் தான் கொடுத்துச்சு. கடிகாரம் ஒரு எட்டு பின்னாடி போச்சு, முடிவுல இருந்து ஆரம்பத்தைக் கழிச்சா மைனஸ். கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுச்சுன்னு அர்த்தம். அந்த மைனஸ் நம்பரைத் தாங்க முடியாம சில இடங்கள்ல சாஃப்ட்வேர் விழுந்துடுச்சு. அதே வருஷம் வந்த கோ 1.9ல மோனோடானிக் கடிகாரத்தைச் சேர்த்தாங்க. கதை நீதி, கால அளவுக்கு ஸ்டாப்வாட்ச், தேதிக்குச் சுவர்க் கடிகாரம்.

போன்ல இருந்து பார்த்தா

கடைசியா, உண்மையான பிலிகுண்டுலு எது? யூசர் கையில இருக்கிற போன்.

அவ நெட்டும் ஸ்லோ தான், அதையும் நேர்மையா சொல்லணும். எங்க கிராமத்துல சிக்னல் ஒரு கோடு இருக்கும், ஒரு கோடு இருக்காது. போன்ல இருந்து சர்வருக்குப் போய்த் திரும்ப ஒரு நடைக்கு 300 மில்லி செகண்ட் ஆகுதுன்னு வைங்க. புதுசா ஒரு பாதுகாப்பான கனெக்ஷன் திறக்க, பேரை முகவரியா மாத்த ஒரு நடை, கை குலுக்க ஒரு நடை, பூட்டு சாவி பேச ஒரு நடை, அப்புறம் தான் நம்ம ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு நடை. நாலு நடை, 1.2 செகண்ட். சர்வர் பூஜ்யம் செகண்ட்ல வேலை செஞ்சாலும் இது உண்டு. பெங்களூர் ஆபீஸ் வைஃபையில உட்கார்ந்து டெஸ்ட் பண்ணா இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

ஜேக்கப் நீல்சன் 1993லயே எழுதிட்டார். 0.1 செகண்டுக்குள்ள பதில் வந்தா உடனே நடந்த மாதிரி தோணும், 1 செகண்ட் வரைக்கும் யோசனை அறுபடாது, 10 செகண்ட் தாண்டினா மனசு வேற வேலைக்குப் போயிடும். ஆனா கடைசி நாள்ல மனசு வேற வேலைக்குப் போகாது. பயந்து போகும். கட்டின பணம் போச்சா, சீட் போச்சான்னு. அதுக்கு நீல்சன்கிட்ட நம்பர் இல்ல.

திங்கக்கிழமை காலையில என்ன பண்ணலாம்

நீங்க காலேஜ் ப்ராஜெக்ட் பண்றவங்களா இருந்தாலும், வேலையில இருந்தாலும், இதை மட்டும் பண்ணுங்க.

ஒண்ணு. சராசரியை டாஷ்போர்டுல இருந்து இறக்குங்க. பி-50, பி-95, பி-99 வைங்க. ரெண்டு சர்வரோட பி-99ஐக் கூட்டி ரெண்டால வகுக்காதீங்க, அதுக்கு அர்த்தமே கிடையாது. ஹிஸ்டோகிராமா சேமிச்சு, எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்த பிறகு கணக்குப் போடுங்க.

ரெண்டு. உங்க அப்ளிகேஷன்ல தவறவே கூடாத ஒரு பட்டன் எதுன்னு முடிவு பண்ணுங்க. அதுக்குத் தனி வரைபடம்.

மூணு. வாசல்ல ஒரு கடிகாரம், உள்ளே ஒரு கடிகாரம். ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் தான் வரிசை. அது வளர ஆரம்பிச்சா அலாரம் அடிக்கணும். ஒகேனக்கல்ல வருஷ சராசரியைப் பார்த்து யாரும் பரிசல் விடுறதில்ல.

நாலு. பட்டன் அமுக்கினதும் போன்ல இருந்து 'ஆரம்பிச்சேன்'னு ஒரு குட்டிச் செய்தி, முடிஞ்சதும் 'முடிச்சேன்'னு ஒண்ணு. ரெண்டுக்கும் இடையில எத்தனை பேர் காணோம்னு தினமும் பாருங்க.

அஞ்சு. ஒரு தடவையாவது உங்க ஊருக்குப் போய், உங்க ஊர் சிக்னல்ல, ஒரு பழைய போன்ல உங்க அப்ளிகேஷனைத் திறந்து பாருங்க. நான் இன்னைக்குக் காலையில இதே திண்ணையில உட்கார்ந்து பார்த்தேன். இன்னும் மெதுவாத்தான் இருக்கு. ஆனா இப்போ எவ்வளவு மெதுன்னு எனக்குத் தெரியும்.

சித்தி பொண்ணு இப்போ ரெண்டாவது வருஷம் படிக்கிறா, அதே காலேஜ்ல தான். அன்னைக்கு நான் சொன்னதை அவ மறக்கல. போன வாரம் அவ போன்ல வீடியோ கால் கட் ஆகிட்டே இருந்துச்சு. "பாப்பா, உன் நெட்..."ன்னு ஆரம்பிச்சேன். "அளந்து பார்த்தியாக்கா?"ன்னு கேட்டா.

அவ்வளவு தான் மக்களே. யாராவது உங்ககிட்ட "சுத்திக்கிட்டே இருக்கு"ன்னு சொன்னா, டாஷ்போர்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவங்களை நம்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம். ஆட்டுக்குத் தண்ணி காட்டணும், நான் வர்றேன்.